எஸ்டிஎல் கோப்பில் வட்டம் இல்லை

அப்பா ராத்திரி பாத்ரூம் போகும்போது வாக்கரை இரண்டு கையாலும் பிடிக்கணும். அப்போ டார்ச்சை எப்படிப் பிடிப்பது? குழாயில் டார்ச் மாட்டும் கிளிப் ஒன்றின் எஸ்டிஎல் கோப்பு இணையத்தில் கிடைத்தது. ஒரு வளையம் 22 மி.மீ. குழாய்க்கு, இன்னொன்று 30 மி.மீ. டார்ச்சுக்கு. எங்கள் வாக்கர் குழாயோ 25.4 மி.மீ.

மொத்தமாகப் பெரிதாக்கினால் டார்ச் வளையமும் 34.6 மி.மீ. ஆகிவிடும். ஆக, ஒரு துளையை மட்டும் மாற்றணும். "துளைதானே, ரெண்டு நிமிஷ வேலை" என்று ஃப்ரீகேடில் திறந்தேன். துளையைத் தேர்ந்தெடுக்கவே முடியலை!

காரணம் எஸ்டிஎல்லின் பிறப்பிலேயே இருக்கு. 1987-ல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் தன் ஸ்டீரியோலித்தோகிராஃபி இயந்திரத்துக்காக உருவாக்கிய வடிவம் இது. உள்ளே இருப்பது முக்கோணங்கள் மட்டும்தான். துளை, ஆரம், மையம் எதுவும் கிடையாது. மி.மீ.யா அங்குலமா என்றுகூட எழுதியிருக்காது (இறக்கியதும் பொருள் கடுகு மாதிரி தெரிந்தால் 25.4-ஆல் பெருக்கிப் பாருங்கள்).

இந்த முக்கோணத் தோலைத் திடப்பொருளாக மாற்ற, முதலில் தோலில் ஓட்டை இருக்கக் கூடாது. அதாவது ஒவ்வொரு விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ளணும். இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னக் கணக்கு: ஒரு முக்கோணத்துக்கு 3 விளிம்பு, ஒவ்வொரு விளிம்பும் இருவருக்குப் பொது. அப்படியென்றால் முக்கோணங்களின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கினால் இரட்டை எண் வரணும். எண்ணிக்கையே இரட்டையாக இருந்தால்தான் அது நடக்கும். என் கோப்பில் 1,847. ஒற்றைப்படை! எங்கேயோ கிழிசல் இருக்கு என்று எதையும் திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். (இரட்டையாக இருந்தால் கிழிசலே இல்லை என்று அர்த்தமில்லை.) மெஷ் ஒர்க்பெஞ்சில் சோதித்தால், அடிப்பக்கம் ஒரு முக்கோணம் காணோம். அடைத்தேன்.

அப்புறம் பார்ட் ஒர்க்பெஞ்சில் மூன்று படி. 'ஷேப் ஃப்ரம் மெஷ்' முக்கோணங்களைத் தைத்து ஓடாக்கும். 'கன்வர்ட் டு சாலிட்' அந்த ஓட்டைத் திடப்பொருளாக்கும். 'ரிஃபைன் ஷேப்' ஒரே தளத்தில் கிடக்கும் முக்கோணங்களை ஒன்றாக்கும். தட்டையான பக்கங்கள் பளிச்சென்று ஒரே முகமாகிவிட்டன. ஆனா துளை? 24 பட்டை அப்படியே நின்றது.

மாற்றினால் வட்டம் திரும்பி வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வராது. ஏற்றுமதி செய்த அன்றைக்கே அது போய்விட்டது. மென்பொருளுக்கு அது 24 பக்க அறுகோணத்தின் அண்ணன், அவ்வளவுதான்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமில்லை. பலகோணத்தின் மூலைகள்தான் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்கள் உள்ளே தள்ளி நிற்கும். 30 மி.மீ. துளையில் 24 பக்கம் என்றால், எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 30 × காஸ் 7.5° = 29.74 மி.மீ.தான். எங்கள் டார்ச் 29.8. முதலில் அச்சடித்த கிளிப்பில் டார்ச் ஏன் நுழையவில்லை என்று பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

திடப்பொருளானதும் வேலை எளிது. 25.8, 30.4 மி.மீ. விட்டத்தில் இரண்டு சிலிண்டர் வைத்து வெட்டினேன். புதுத் துளை பெரியது என்பதால் பழைய பட்டைகள் முழுக்கப் போய்விட்டன, இப்போ அங்கே உண்மையான வட்டம். (துளையைச் சிறிதாக்கணும் என்றால் முதலில் பழையதை அடைத்துவிட்டு வெட்டணும்.) அச்சடிக்கத் திரும்ப எஸ்டிஎல் ஆக்கும்போது விலகலை 0.01 மி.மீ. என்று வைத்தேன். மறுபடி பட்டைதான், ஆனா உறுத்தாத பட்டை.

கிளிப் பொருந்திவிட்டது. டார்ச் இன்னும் கொஞ்சம் தரையைப் பார்த்து சாயணும் என்கிறார் அப்பா. அதற்கு இந்தக் கோப்போடு மல்லுக்கட்டப் போவதில்லை. இவ்வளவு சின்னப் பொருளை, அளவெடுத்துப் புதிதாக வரைவதுதான் சுலபம். வரைந்துகொண்டிருக்கிறேன்.