சித்தேரி: கோடையில் வேண்டாம்

கோடைச் சிறப்பிதழுக்குக் 'கூட்டம் மொய்க்காத மலை' ஒன்று வேண்டும் என்றார் ஆசிரியர். தர்மபுரி மாவட்டத்தில் அதற்குச் சித்தேரியை விட்டால் வேறு இடம் இல்லை. அரூரிலிருந்து பேருந்தே போகிறது. மேற்கே சேர்வராயன், கிழக்கே கல்வராயன், நடுவில் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் முகடுகள். அவற்றுக்கிடையே மலையாளிப் பழங்குடியினரின் வளவுகள், சாமைக் கொல்லைகள், மரவள்ளி, புளி, கடுக்காய். நடப்பதற்கென்றே அமைந்த மலை.

சிக்கல் கோடையில்தான். இங்கே இருப்பது இலையுதிர் காடு. தை பிறந்ததும் வெக்காலியும் உசிலையும் இலையைக் கொட்டத் தொடங்கும். மாசி, பங்குனியில் தரையெல்லாம் சருகு, சரிவெல்லாம் காய்ந்த புல். பீடித்துண்டு ஒன்று போதும். நம் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து, குடும்பத்தோடு பை தூக்கலாம் என்று நாம் கிளம்பும்போது மலை அந்த நிலையில்தான் இருக்கிறது.

2018 மார்ச் 11-ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? தேனி மாவட்டம் குரங்கணியில் வார விடுமுறைக்கு நடக்கப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டார்கள். மலைத்தீ எப்படிப் போகும் என்பது சமவெளிக்காரனுக்குத் தெரியாது. அனல் மேலே எழும்பி, எரியப்போகும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். அதனால் சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் ஓட்டமும் கூடும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு அடிக்கும். பொழுது சாய்ந்தால்தான் இறங்குமுகமாகத் திரும்பும். பயந்தவன் முகட்டை நோக்கி ஓடுவான், தீ அவனைவிட வேகமாக ஏறும். ஒதுங்க வேண்டியது வெறும் பாறைக்கு, அகலமான ஓடை மணலுக்கு, இல்லையென்றால் ஏற்கெனவே எரிந்து கறுத்துப்போன தரைக்கு. அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று கைபேசி வரைபடம் சொல்லாது. அந்தச் சரிவில் மாடு மேய்த்தவர் சொல்வார்.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநில அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் பதிவு செய்யும் வசதியோடு திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தார்கள், நல்ல காரியம். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று பாதைகளை மூடவும் செய்தார்கள். அந்த முதல் பட்டியலில் தர்மபுரி இல்லை. நாளை சேர்க்கப்படலாம். அதற்குள், அனுமதி வாங்காமல் வாட்ஸாப்பில் ஆள் திரட்டிக்கொண்டு காப்புக்காட்டுக்குள் நுழைகிறவர்கள் இங்கே வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. சுற்றுலா வந்தால் நாலு வீட்டில் அடுப்பு எரியும் என்கிறார்கள், மறுக்கவில்லை.

எரியட்டும், ஆனால் யார் வீட்டில்? கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்கள் சாலை கேட்டுக் காத்திருந்த காலம் கொஞ்சமல்ல. நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறங்கிய தோள்கள் அவை. இதே மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போயிருக்கிறது. நமக்குப் பொழுதுபோக்கான நடை அவர்களுக்கு ரேஷனும் ஆஸ்பத்திரியும். பிழைப்பு இல்லாமல் இந்த மலைக் கால்கள் எங்கெல்லாமோ போயிருக்கின்றன. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களில் சித்தேரி மலைக்காரர்களும் உண்டு. ஆகவே நகரத்து ஏற்பாட்டாளர் முன்னே கொடி பிடித்து நடக்க, மலைக்காரர் பின்னால் சோற்றுப்பானை சுமக்கும் ஏற்பாடு இங்கே வேண்டாம். வழி காட்டுகிறவருக்கான கூலி அவர் கையிலேயே சேர வேண்டும். 'இன்றைக்குக் காற்று சரியில்லை, திரும்பலாம்' என்று அவர் சொன்னால், கட்டிய பணத்தைக் காட்டி யாரும் வாதாடக் கூடாது.

போக வேண்டிய காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை. வடகிழக்குப் பருவமழையில் ஓடைகளில் தண்ணீர் இருக்கும். இந்த மலையில் பெய்வதுதான் கீழே வள்ளிமதுரை வரட்டாறு அணைக்கு வந்து சேர்கிறது. பச்சைப் புல்லில் தீ ஏறாது. வழுக்கும், அட்டை கடித்தாலும் கடிக்கும். கனமழை எச்சரிக்கை இருந்தால் ஓடைப் பக்கமே போகாதீர்கள். காலையில் குளிர் தாங்க ஒரு போர்வை போதும். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை இதற்குத் தோதாகத்தான் விழுகிறது, ஆனால் பத்திரிகைகள் அப்போது சுற்றுலாச் சிறப்பிதழ் போடுவதில்லை.

மே மாதத்தில் மலை ஏறியே தீர வேண்டும் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி நடக்கும். கூட்டம் இருக்கும்தான்.