பழுது எங்கே இருக்கிறது?

கடல் கடந்த நாட்டில் பேரக் குழந்தைக்குத் திருமுழுக்கு. அதைக் காண ஊரில் இருந்த பாட்டியார் புதுச் சேலை உடுத்தி, கைப்பேசியை மேசைமேல் ஒரு செம்பில் சாய்த்து வைத்து, அரை மணி நேரம் முன்னதாகவே அமர்ந்துவிட்டார். குறித்த வேளை வந்தது. திரையில் ஆலயம் தெரிந்தது, மகன் தெரிந்தான், மருமகளின் தோளில் குழந்தையும் தெரிந்தது. ஆனால் ஒலி மட்டும் வரவில்லை. பாட்டியார் உரக்கப் பேசினார். அங்கே எவர் செவியிலும் விழவில்லை. பதற்றத்தில் எதையோ அழுத்தினார்; படமும் மறைந்தது. அண்டை வீட்டு இளைஞன் வந்து மீண்டும் இணைப்பதற்குள் 40 நிமிடக் கெடு முடிந்து கூட்டமே கலைந்துவிட்டது.

"நான் படிக்காதவள். எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன்" என்று சொல்லிக் கைப்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டார் அம்மூதாட்டி. அதன்பின் வந்த ஞாயிறுகளில் மகன் அழைத்தபோதும், "நீங்கள் பேசுங்கள், எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

பிள்ளைகள் வளைகுடாவிலும் மேலை நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய காட்சி புதிதன்று. இதில் வருத்தம் தருவது யாது? கூட்டம் கலைந்தது அன்று; ஒரு தாய் தன்மேல் பழி சுமத்திக்கொண்டு விலகியதே. உண்மையில் அவர் எதையும் கெடுக்கவில்லை. காணொளிக் கூட்டங்களில் நேரும் தடங்கல்கள் பெரும்பாலும் எளியவை. அவற்றுக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முறையும் உண்டு.

நூறாண்டுக் கனவு

முகம் பார்த்துப் பேசும் இவ்வசதி எளிதில் கிட்டியதன்று. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், அப்போது அமெரிக்க வணிகத்துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் உருவம் வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கம்பி வழியே அனுப்பிக் காட்டப்பட்டது. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்னும் படத் தொலைபேசி மக்கள் பார்வைக்கு வந்தது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அது விற்பனைக்கும் வந்தது. மாதக் கட்டணம் 160 டாலர். வாங்கியவர் மிகச் சிலரே, முயற்சி தோற்றது. 2003-இல் பிறந்த ஸ்கைப், சில ஆண்டுகளில் முகம் பார்த்துப் பேசுவதைச் செலவின்றி இல்லங்களுக்குக் கொண்டுவந்தது. 2025 மே மாதத்தில் அதுவும் விடைபெற்றது.

2020-இல் கொள்ளைநோய் உலகை வீட்டுக்குள் அடைத்தபோதுதான் காணொளிக் கூட்டம் எல்லாருக்கும் உரியதாயிற்று. ஜூம் கூட்டங்களில் ஒரு நாளில் கலந்துகொண்டோர் எண்ணிக்கை 2019 டிசம்பரில் 1 கோடி. 2020 ஏப்ரலில் 30 கோடி. ஒருவரே இரு கூட்டங்களுக்குச் சென்றால் இருமுறை எண்ணும் கணக்குத்தான் இது. எனினும் வளர்ச்சியின் வேகம் விளங்கும். வல்லுநர்களே பல்லாண்டுகள் இடறிய பாதையில் நாம் சற்றுத் தடுமாறினால் அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

வாயிலில் நிற்கும்போது

கூட்டத்துக்குள் நுழைய இரு வழிகள் உண்டு. இளைஞர்கள் 'லிங்க்' என்று சொல்லும் இணைப்பு முகவரியைத் தொடுவது ஒன்று. கூட்ட எண்ணைப் பதிவது மற்றொன்று. ஜூம் கூட்ட எண் 9 முதல் 11 இலக்கங்கள் கொண்டது. அத்துடன் கடவுச்சொல்லும் கேட்கலாம். கூகுள் மீட்டில் எண்ணுக்குப் பதிலாக 10 ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஓர் எழுத்துத் தவறினாலும் கதவு திறவாது. ஆதலால் கையால் பதிவதைவிட முகவரியைத் தொடுவதே நலம்.

"நடத்துபவர் உங்களை அனுமதிக்கும் வரை காத்திருங்கள்" என்ற பொருளில் அறிவிப்பு வந்தால் அது பழுதன்று. அழைப்பு மணி அடித்துவிட்டு வாசலில் நிற்பது போன்ற நிலை அது. வெளியேறி வெளியேறி மீண்டும் நுழைய வேண்டாம், பொறுத்திருந்தால் போதும்.

நேரக் குழப்பமும் பலரை ஏமாற்றுகிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. குவைத்தும் கத்தாரும் இரண்டரை மணி நேரம். இலண்டனோ கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும்; மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். எனவே அழைப்பில் இந்திய நேரத்தையும் குறிப்பிடுமாறு பிள்ளைகளிடம் கேட்டுப் பெறுங்கள்.

ஒலி வராதபோது

முதலில் திரையிலுள்ள மைக் படத்தைப் பாருங்கள். அதன் குறுக்கே கோடு இருந்தால் நம் குரல் அடைக்கப்பட்டுள்ளது. ஒருமுறை தொட்டால் திறக்கும். அடுத்து, கருவியின் ஒலி அளவைக் கூட்டிப் பாருங்கள். அதன்பின், கம்பியில்லா ஹெட்போன் ஏதேனும் இணைந்திருக்கிறதா என்று காணுங்கள். பக்கத்து அறையில் பேரன் வைத்துவிட்டுப் போன ஹெட்போனுக்கு ஒலி சென்றுகொண்டிருந்தால், நம் கைப்பேசி ஊமையாகவே இருக்கும்.

மைக்கையும் கேமராவையும் பயன்படுத்தலாமா என்று செயலி முதன்முறை கேட்கும்போது, பலர் அஞ்சி மறுத்துவிடுவர். பின்னர் கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று அந்த இசைவைத் தர வேண்டியிருக்கும். ஒரே அறையில் இரண்டு கைப்பேசிகள் ஒரே கூட்டத்தில் இருந்தால் எதிரொலியும் ஊளையும் எழும். ஒன்றின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் அடைத்துவிட்டால் தீர்ந்தது.

படம் உறையும்போது

முகம் அசையாமல் நின்று குரல் துண்டு துண்டாக வந்தால், பழுது கருவியில் இல்லை. இணைப்பின் வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஜூமில் குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். இருவர் பேசும் தெளிவான படத்துக்கோ ஏறத்தாழ 600 கிலோபிட் தேவை. குறுகிய ஓடையில் தோணி செல்லும், கப்பல் செல்லாது. ஆகவே முதலில் கேமராவை அணைத்துப் பாருங்கள். முகம் மறைந்தாலும் குரல் நிற்கும்.

அடுத்து, வைஃபை பெட்டி இருக்கும் அறைக்கு நகருங்கள். பல பெட்டிகள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்கும். முன்னது சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும்; பின்னது விரைவானது, ஆனால் அருகில் இருப்போர்க்கே பயன் தரும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குவதால், அது ஓடும்போது அவ்வலைவரிசையில் இடையூறு நேரலாம். அதே வேளையில் வீட்டில் வேறொருவர் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தால் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுவதும் பலமுறை பலன் தரும். வைஃபை அடியோடு கைவிட்டால் கைப்பேசியின் சொந்த இணைய இணைப்புக்கு மாறலாம்.

இத்தனைக்குப் பின்னும் சரியாகவில்லை என்றால், பழுது எதிர்முனையில் இருக்கலாம். கூட்டத்திலுள்ள மற்றவர்களுக்கும் அதே தொல்லையா என்று சாதாரண அழைப்பில் கேளுங்கள். எல்லாருக்கும் அப்படியென்றால் நம் வீட்டில் தேடுவது வீண்.

ஓர் எச்சரிக்கை

அறிந்தவர் அனுப்பாத இணைப்பைத் தொடாதீர்கள். காவல் அதிகாரி போல் காணொளியில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்துள்ளோம்" என்று மிரட்டிப் பணம் பறிப்போர் உளர். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

வெளியூரில் வாழும் பிள்ளைகளே! விழாவுக்கு முந்திய நாளே பெற்றோரோடு ஐந்து நிமிடம் ஒத்திகை பாருங்கள். செலவில்லாத ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் முடியும் என்பதால், அடுத்த கூட்டத்தின் இணைப்பையும் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். தடங்கல் நேர்ந்தால், "அம்மா, என்ன செய்தீர்கள்?" என்று கேளாதீர்கள், "திரையில் என்ன தெரிகிறது, அம்மா?" என்று கேளுங்கள். முதற்கேள்வி அவர் மீது குற்றம் சுமத்துகிறது. இரண்டாவது அவரைத் துணைக்கு அழைக்கிறது.

அந்தப் பாட்டியாருக்கு நேர்ந்ததுதான் என்ன? ஜூமில் நுழைந்ததும் ஒலியை இணைக்கலாமா என்று திரை கேட்டது. ஆங்கிலத்தில் இருந்த அக்கேள்வியை அவர் மூடிவிட்டார். அதனால் படம் வந்தது. ஒலி இரு பக்கமும் அடைபட்டது. அவ்வளவுதான்! மகள் இதைப் பொறுமையுடன் விளக்கிக் காட்டினார். அடுத்த ஞாயிறு பாட்டியாரே அந்தப் பொத்தானைத் தொட்டார். மறுமுனையில் குழந்தையின் அழுகுரல் கேட்டது. "பசிக்கிறது போலும், தூக்குங்கள்!" என்றார் அவர், பழைய அதிகாரத்தோடு.

நம் இல்லங்களிலும் இப்படி ஒதுங்கிக்கொண்ட மூத்தவர் எவரேனும் இருக்கிறாரா? இந்த வாரமே அவர் அருகில் அமர்ந்து, ஒரு கால் மணி நேரம் கற்றுக்கொடுப்போமா?