ஐரோப்பாவில் முயல் இறைச்சிச் சந்தை: ஏற்றமும் இறக்கமும்

பண்டமொன்றை மலிவாகவும் மிகுதியாகவும் உற்பத்தி செய்யும் வழி அறியப்பட்டுவிட்டால், அதற்குரிய சந்தை தானாகவே வளரும் என்று பலர் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் எப்பொழுதும் சரியாவதில்லை என்பதற்கு ஐரோப்பாவின் முயல் இறைச்சி வியாபாரம் தக்க சான்றாகும். அங்கு முயல் வளர்ப்போரின் திறமை கடந்த அறுபது ஆண்டுகளில் பன்மடங்கு உயர்ந்தது. ஆயினும் முயல் இறைச்சியை வாங்குவோர் தொகை குறைந்துகொண்டே வருகின்றது. நெல்லையும் மரக்கறியையும் விளைவித்து விற்கும் கமக்காரருக்கு இந்தப் பிராணி அயலானதாயினும், அதன் சந்தை நடந்துவந்த வழி அயலானதன்று. ஆதலின் அதனைச் சிறிது விரிவாக அறிந்துகொள்ளல் பயனுடையதாகும்.

கொல்லைப்புற முயல்

ஐரோப்பாவில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் முயலின் மூதாதை, ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் காட்டு முயலாகும். அது நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. இலங்கைக் காடுகளில் காணப்படும் முயல் வேறோர் இனம். அது வளை தோண்டுவதில்லை, வளர்ப்புக்கும் உட்படவில்லை.

முன்னாளில் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் கமக்காரர் வீடுகளில் கொல்லைப்புறத்து மரக்கூண்டுகளில் சில முயல்கள் இருக்கும். அவற்றைப் பராமரிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. வரம்பிலும் வழியோரத்திலும் அறுத்த புல்லும், தோட்டத்துக் கழிவிலைகளும், உலர்ந்த வைக்கோலும் தீவனமாயின. வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய முயல்கள் அண்மையிலுள்ள சந்தைக்கு உயிருடன் கொண்டுசெல்லப்பட்டன. இந்த வளர்ப்பில் பணச்செலவு மிகக் குறைவு. ஆகவே விலை தாழ்ந்த காலத்திலும் நட்டம் ஏற்படுவதில்லை.

பிரித்தானியாவில் நிலைமை சற்று வேறாக இருந்தது. அங்கு காட்டு முயலே சந்தைக்குப் பெரும்பாலும் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏனைய இறைச்சிகள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டபோது, பங்கீட்டுக்கு உட்படாத முயல் ஏழைமக்களுக்குப் பெருந்துணையாயிற்று.

1952ஆம் ஆண்டின் கொள்ளைநோய்

காட்டு முயல் உண்போருக்கு உணவாயினும், பயிரிடுவோருக்குப் பகையாகும். இளம்பயிரையும் புதிதாக நட்ட மரக்கன்றையும் அது அழித்துவிடும். 1952ஆம் ஆண்டு யூன் மாதம், பிரான்சின் மேய்போவா என்னுமிடத்தில் ஆர்மன்-தெலீல் என்ற வைத்தியர், தம் தோட்டத்தை அழித்த முயல்களை ஒழிக்கக் கருதி, இரண்டு முயல்களுக்கு மிக்சோமற்றோசிசு என்னும் நோயின் கிருமியை ஏற்றி விட்டார். நோய் அவர் தோட்டத்து மதிலுக்குள் நிற்கவில்லை. நுளம்புகளாலும் தெள்ளுப்பூச்சிகளாலும் பரவி, அடுத்த ஆண்டு முடிவதற்குள் பிரான்சின் பெரும்பாகத்தையும் அயல்நாடுகளையும் பற்றியது. 1953ஆம் ஆண்டில் அது பிரித்தானியாவின் கென்ற் மாவட்டத்தில் காணப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் காட்டு முயல்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இறந்தன.

முயல் வேட்டைக்காரர்கள் அவ்வைத்தியர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர் தண்டப்பணம் செலுத்த நேர்ந்தது. பின்னர் 1956ஆம் ஆண்டில், காடும் பயிரும் காக்கப்பட்டன என்று மகிழ்ந்தோர் அவருக்குப் பதக்கம் அளித்தனர். ஒரே செயல் ஒரு சாராருக்கு நட்டமாகவும் மற்றொரு சாராருக்கு இலாபமாகவும் முடிந்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சந்தையில் ஏற்பட்ட விளைவோ நீடித்திருந்தது. கண்கள் வீங்கிப் பார்வையிழந்து வழியோரங்களில் கிடந்த முயல்களைக் கண்ட பிரித்தானிய மக்கள், அவ்விறைச்சியையே வெறுத்தனர். அந்நோய் மனிதரைப் பற்றுவதில்லை எனினும், அருவருப்பு நீங்கவில்லை. 1954ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இறைச்சிப் பங்கீடும் முடிவடைந்தது. அதன்பின் பெரும்பண்ணைகளில் வளர்த்த கோழியிறைச்சி மலிந்தது. முயல் இழந்த இடத்தைக் கோழி பிடித்துக்கொண்டது. அவ்விடத்தை முயல் மீளப் பெறவேயில்லை.

கூண்டு வளர்ப்பின் வளர்ச்சி

பிரித்தானியா கைவிட்ட காலத்திலேயே தென்னைரோப்பிய நாடுகள் முயல் வளர்ப்பைப் பெருந்தொழிலாக மாற்றத் தொடங்கின. கம்பிக் கூண்டும் குளிகை வடிவத் தீவனமும் பரவின. வெள்ளை நியூசிலாந்து, கலிபோர்னியன் ஆகிய இனங்களிலிருந்து விரைவில் வளரும் கலப்பினங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. பிரான்சின் தேசிய விவசாய ஆராய்ச்சி நிலையமும் ஸ்பெயினின் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இவ்வேலையில் சிறந்து விளங்கின.

இப்பொழுது பெரும்பண்ணைகளில் வேலை நாட்கணக்கின்படி நடைபெறுகின்றது. பெட்டை முயலின் சினைக்காலம் 31 நாட்கள். குட்டி ஈன்ற 11ஆம் நாள் அது மீண்டும் செயற்கை முறையாற் சினைப்படுத்தப்படும். ஆகவே ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையில் 42 நாட்கள் செல்கின்றன. குட்டிகள் ஏறக்குறைய ஐந்து வாரத்திற் பால் மறக்கச் செய்யப்படும். ஒரு பண்ணையின் எல்லாப் பெட்டைகளும் ஒரே நாளிற் சினைப்படுத்தப்படுவதால், குட்டிகளும் ஒரே வயதினவாக வளர்ந்து, ஒரே நாளிற் கொல்களத்துக்கு ஏற்றப்படுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016ஆம் ஆண்டில் ஏறக்குறைய 18 கோடி முயல்கள் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டன எனக் கணிக்கப்பட்டது. இவற்றுள் மூன்றிலிரண்டு பங்கு வியாபாரப் பண்ணைகளினின்றும், எஞ்சிய பங்கு கொல்லைப்புறக் கூண்டுகளினின்றும் வந்தவை. பண்ணை உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளுக்கே உரியது. இவற்றுள் ஸ்பெயின் முதலிடத்தில் நின்றது.

நாட்டுக்கொரு சுவை

மூன்று நாடுகளும் ஒரே பிராணியை வளர்ப்பினும், ஒரே பண்டத்தை விற்பதில்லை. ஸ்பானியர் சிறிய முயலை விரும்புவர். அங்கு உயிர்நிறை ஏறக்குறைய 2 கிலோ எட்டியவுடன், இரண்டு மாதம் கடந்த நிலையில், அது விற்கப்படும். பிரான்சில் பத்து அல்லது பதினொரு வாரம் வளர்த்து ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிறையில் விற்பர். இத்தாலியர் அதனிலும் பெரிய, முதிர்ந்த முயலையே நாடுவர். ஆகவே ஸ்பெயினில் மிகுந்த சிறு முயலை இத்தாலியில் விற்பது எளிதன்று.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சமையலறையாகும். வலென்சியாவின் புகழ்பெற்ற பாயெல்யா என்னும் சோற்றுணவிற் கோழியுடன் முயலும் சேர்க்கப்படும். பிரான்சிற் கடுகுக் குழம்பில் முயலை வேகவைப்பர். இத்தாலியின் இசுக்கியாத் தீவில் முயல் விருந்துணவாகும். மோல்ற்றாத் தீவினருக்கு அது தேசிய உணவு. யூன் 29ஆந் தேதி வரும் மினார்யாத் திருவிழாவில் மக்கள் கூடி முயலிறைச்சி உண்பது பழைய வழக்கம்.

விலை பேசும் முறை

ஸ்பெயினில் பெல்புயிச், சரகோசா முதலிய ஊர்களிலுள்ள விலைக் கூடங்களில் வாரந்தோறும் வளர்ப்போரும் கொள்வோரும் கூடி உயிர்முயலின் கிலோ விலையை அறிவிக்கின்றனர். இத்தாலியில் அத்தகைய விலைக்குழு வெரோனா நகரில் அமைந்துள்ளது. பிரான்சில் வளர்ப்போர் பலர் கொல்களங்களுடன் முன்னரே உடன்படிக்கை செய்துகொள்கின்றனர்.

விலை ஆண்டு முழுவதும் ஒரு நிலையில் நிற்பதில்லை. இளவேனிற் காலத்திற் குட்டிகள் மிகுதியாகப் பிழைக்கும்; அவை சந்தைக்கு வரும் கோடையில் மக்கள் குழம்புணவை நாடாமையால் விலை தாழும். கோடை வெப்பம் சினைப்படுதலையும் வளர்ச்சியையும் குறைக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும். முயல் உரிய நிறையை அடைந்தபின் அதனைக் கூண்டில் நிறுத்தி விலைக்காகக் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் அது தின்னும் தீவனம் நட்டமாகும். கொழுப்பு ஏறினால் கொள்வோர் விலையையும் குறைப்பர். முற்றிய வெண்டியையும் பழுத்துவிட்ட தக்காளியையும் கையில் வைத்திருப்பவனின் இடரே இவ்விடரும்.

உற்பத்திச் செலவிற் பாதிக்கு மேல் தீவனத்துக்கே செல்லும். கொல்லைப்புறத்துப் புல்லை விட்டுக் குளிகைத் தீவனத்துக்கு மாறிய நாள்முதல், முயல் வளர்ப்போன் தானியச் சந்தைக்குக் கட்டுப்பட்டவனானான். 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போரினால் தானியமும் எரிபொருளும் விலையேறியபோது, ஏற்கெனவே குறைந்த இலாபத்தில் நடந்த சிறுபண்ணைகள் கடும் நெருக்கடிக்கு உள்ளாயின.

கடல் கடந்த வியாபாரம்

முயலிறைச்சி பெரும்பாலும் விளைந்த நாட்டிலேயே உண்ணப்படும். ஆயினும் எல்லை கடந்த வியாபாரமும் உண்டு. ஹங்கேரியில் உண்போர் மிகச் சிலர். அந்நாடு தன் உற்பத்தியிற் பெரும்பகுதியை இத்தாலி, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கு அனுப்புகின்றது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் முயலிறைச்சியிற் சீனாவின் உறையவைத்த இறைச்சி முக்கியமானது. 2002ஆம் ஆண்டு தொடக்கத்தில், சீனாவின் விலங்குணவுப் பொருட்களிற் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்தின் எச்சம் காணப்பட்டமையால், ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. சில ஆண்டுகளின் பின்னரே, தகுந்த பரிசோதனைகளுடன், முயலிறைச்சி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருந்தைக் கணக்கின்றிக் கொடுப்பதனால் ஒரு நாட்டின் முழுச் சந்தையும் ஒரே நாளில் அடைபடக்கூடும் என்பதை இது காட்டுகின்றது.

நோய்களும் புதிய சட்டங்களும்

நெருக்கமாக வளர்க்கும் இடத்தில் நோய் விரைந்து பரவும். 1984ஆம் ஆண்டு சீனாவிற் கண்டறியப்பட்ட முயல் இரத்தப்பெருக்கு நோய் 1986ஆம் ஆண்டு இத்தாலியிற் காணப்பட்டு, ஐரோப்பாவெங்கும் பரவியது. அதற்கு ஊசிமருந்து கண்டபின் வளர்ப்போர் ஓரளவு ஆறுதல் பெற்றனர். எனினும் 2010ஆம் ஆண்டிற் பிரான்சில் அந்நோயின் புதிய வகையொன்று தோன்றியது. பழைய வகைக்குத் தப்பும் இளங்குட்டிகளையும், பழைய ஊசிமருந்து ஏற்றிய முயல்களையும் அது கொன்றமையால், புதிய ஊசிமருந்து வேண்டியதாயிற்று. இதற்கிடையே 1996-97ஆம் ஆண்டுகளிற் பிரான்சிற் பரவத் தொடங்கிய குடல்நோயொன்று, பால் மறந்த குட்டிகளைத் தாக்கிப் பண்ணைகளை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின்மேற் பெரிதும் சாரச் செய்தது. 2022ஆம் ஆண்டு சனவரி 28ஆந் தேதி முதல், இத்தகைய மருந்துகளை வழக்கமாகத் தீவனத்திற் கலந்து கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தடுத்துள்ளது.

கூண்டு முறையும் கேள்விக்குள்ளாயிற்று. ஒஸ்திரியா 2012ஆம் ஆண்டு முதல் இறைச்சி முயலைக் கூண்டில் வளர்ப்பதைத் தடை செய்தது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றம் முயல்களின் நலத்துக்குக் குறைந்தபட்ச விதிகள் வேண்டுமெனத் தீர்மானித்தது. கூண்டு வளர்ப்பை ஒழிக்குமாறு கோரி ஏறக்குறைய 14 இலட்சம் மக்கள் ஒப்பமிட்ட மனு 2020ஆம் ஆண்டிற் கையளிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு முடிவுக்குள் சட்டம் முன்மொழியப்படுமென ஐரோப்பிய ஆணைக்குழு 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உறுதியளித்தது. அத்தவணை சட்டமின்றிக் கடந்தது. புதுக் கூண்டு வாங்குவதா, கூண்டைக் கைவிட்டுத் தரையில் அடைப்பு அமைப்பதா என்று அறியாத வளர்ப்போர் முதலிடத் தயங்குகின்றனர். கடனைத் தீர்க்கும் காலம் சட்டம் மாறும் காலத்தைவிட நீண்டதாகையால் இத்தயக்கம் நியாயமானதே.

உண்போர் குறைந்தமைக்குக் காரணம்

மேற்கூறியவற்றினும் பெரிய காரணம் உண்போரின் வழக்க மாற்றமாகும். முயலிறைச்சி கொழுப்புக் குறைந்தது, புரதம் மிகுந்தது. இந்நன்மைகளை எடுத்துக் கூறியும் விற்பனை உயரவில்லை. வாங்குவோரிற் பெரும்பாலார் முதியோர். தாயிடம் சமைக்கப் பழகிய தலைமுறை குறைய, இளந்தலைமுறை முழு முயலை வாங்கித் துண்டாக்கி நெடுநேரம் வேகவைக்க விரும்புவதில்லை. கோழியின் நெஞ்சுத் துண்டு சில நிமிடங்களிற் சமைபடும், விலையும் குறைவு. மேலும், முயலைச் செல்லப் பிராணியாக வீட்டில் வளர்க்கும் வழக்கம் பரவியபின், குழந்தைகள் அதனை உண்ண மறுக்கின்றனர். பண்ணை மனைக்கும் நகர வீட்டுக்கும் இடையே தூரம் பெருகிய அளவுக்கு முயல் உணவென்னும் எண்ணமும் மறைந்தது.

இதனை உணர்ந்த கொல்களங்கள் இப்பொழுது தொடை, முதுகுத்துண்டு எனப் பிரித்தும், எலும்பு நீக்கியும், மசாலை தடவியும் விற்க முயல்கின்றன. சில வளர்ப்போர் இடைத்தரகரின்றித் தம் ஊர்ச் சந்தையிலும் உணவுச்சாலைகளுக்கும் நேரே விற்று, குறைந்த தொகையில் நிறைந்த விலை பெறுகின்றனர். திருவிழாவும் ஊர்ச்சமையலும் முயலை நினைவில் வைத்திருக்கும் இடங்களிலேயே இம்முயற்சிகள் சிறிது பலிக்கின்றன.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து பயிரிடுவோர் கொள்ளத்தக்க படிப்பினைகள் சில உள. முதலாவது, புதிய பயிரையோ பிராணியையோ தொடங்குமுன், அதனை உண்பவர் யார், எவ்வகையிற் சமைப்பர், எப்பருவத்தில் வாங்குவர் என்பவற்றை விசாரித்தறிதல் வேண்டும். இரண்டாவது, விலை தாழும் மாதத்தைக் கணக்கில் எடுத்தே செலவைத் திட்டமிடல் வேண்டும். உயர்ந்த விலையை வைத்துப் போடும் கணக்கு கடனிலேயே முடியும். மூன்றாவது, வாங்கும் தீவனமும் வாங்கும் மருந்தும் பெருகப் பெருக விளைச்சல் உயரலாம். ஆனால் கெட்ட ஆண்டைத் தாங்கும் வலிமை குறையும். நான்காவது, மருந்து தெளிக்கும் அளவிலும் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களிலும் தவறாதிருத்தல் தன் சந்தையைத் தானே காப்பதாகும்.

கொல்லைப்புறத்தில் ஆறு முயல் வளர்த்த பிரெஞ்சுக் கமக்காரப் பெண்ணுக்கு 42 நாட் கணக்கும் செயற்கைச் சினைப்படுத்தலும் தெரியா. ஆனால் தன் முயலை எந்த வீட்டினர் எந்த ஞாயிற்றுக்கிழமை சமைப்பர் என்பது அவளுக்கு நன்கு தெரியும். பின்வந்தோர் அவளிலும் மிகுதியாக விளைவித்தனர். அவள் அறிந்ததை அறியாது விளைவித்தமையே அவர்களுடைய இடர்களுக்குப் பெருங்காரணமாயிற்று.