ஸ்டீயரிங் ஆட்டம்: பழைய காடிக்குப் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் காரோடு ஃபெர்ரி ஏறும் வசதி 2021 ஜனவரி முதல் தேதியோடு நின்றுபோனது. இப்போது ஃபெர்ரியில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். கார் வைத்திருப்பவருக்குப் பாலம் ஒன்றே வழி. முதல் பாலத்தில் கடல்மேல் மட்டும் 8.4 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே கண்டெய்னர் லாரி, மழை நாளில் குறுக்கே அடிக்கும் காற்று. அந்தப் பாலம் திறந்த 1985-இல்தான் முதல் புரோட்டோன் சாகாவும் வந்தது. பின்னால் வந்த வீராவும் கஞ்சிலும் இன்றைக்கும் பாகான் ஆஜாமிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஸ்டீயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

யாரும் பார்ப்பதில்லை. டாக்சி, பஸ், லாரி எல்லாம் குறித்த காலத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலும் பெயர் மாற்றும்போதோ, பழைய காருக்குத் தவணைக் கடன் எடுக்கும்போதோதான் அது புஸ்பாகோம் போன்ற பரிசோதனை மையத்தின் பக்கம் போகும். 15 வருஷமாக ஒரே குடும்பத்தில் இருக்கும் கார் என்றால், அதன் அடிப்பாகத்தை அதிகாரி யாரும் குனிந்து பார்த்திருக்கவே மாட்டார். ஆகவே அந்த வேலை உங்களுடையது.

தேய்மானம் பெரும்பாலும் ரப்பரில்தான் தொடங்குகிறது. டை ராட் எண்ட், ரேக் எண்ட், லோவர் ஆர்ம் பால் ஜாயிண்ட் எல்லாமே கிண்ணத்துக்குள் உருளும் ஓர் இரும்புக் குண்டு, சுற்றிலும் கிரீஸ், அதை மூடும் ரப்பர் உறை என்ற அமைப்புதான். நம் ஊர் வெயிலில் ரப்பர் வெடிக்கும். வெடிப்பு வழியே கிரீஸ் வெளியேறும், மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போகும். பிறகு குண்டு கிண்ணத்தைத் தின்னத் தொடங்கிவிடும். நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்டுகிறீர்களா? மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக்' என்கிறதா? முன் டயரின் ஓர் ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலே பார்த்துவிட வேண்டும். பால் ஜாயிண்ட் ஒருநாள் கழன்றுவிட்டால், சக்கரம் மட்காட்டுக்குள் மடங்கிவிடும். அப்புறம் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை.

பட்டறையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "அண்ணே, அலைன்மெண்ட் பண்ணா சரியாயிடும்" என்பது. இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பழைய காடிக்காரர்கள் கொட்டிய பணம் கொஞ்சமல்ல. அலைன்மெண்ட் என்பது சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்வது. ஜாயிண்டிலேயே ஆட்டம் இருந்தால், இன்று வைத்த கோணம் நாளை முதல் குழியில் மாறிவிடும். முதலில் ஆட்டத்தை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அலைன்மெண்ட். டை ராட் எண்டையோ ரேக் எண்டையோ மாற்றியபின் அதைச் செய்யாமல் விடுவதும் தவறு.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்துத் தாங்கச் செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே தலையை நீட்ட வேண்டாம். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 நிற்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அசைந்தால் சந்தேகம் டை ராட் எண்ட், ரேக் எண்ட் மேல். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டும்போது அசைந்தால் பால் ஜாயிண்டாக இருக்கலாம், சக்கர பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க மறுபடி ஆட்டுங்கள். அசைவு நின்றுவிட்டால் பேரிங். இன்னொரு வழி: கார் தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாகத் திருப்ப, மற்றவர் ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரல் வைத்துப் பார்ப்பது. தேய்ந்த ஜாயிண்ட் விரலில் தட்டும்.

இதை ஃபோர்மேனிடமே காட்டச் சொல்லுங்கள், வேலைக்கு முன்பும் பின்பும். காட்டத் தயங்குகிற பட்டறையில் காரை விடாதீர்கள். டை ராட் எண்ட் சில பத்து வெள்ளிச் சாமான், ஸ்டீயரிங் ரேக் சில நூறு வெள்ளி. ஆட்டம் எதில் என்று பார்க்காமலே "ரேக் போயிடுச்சு" என்று சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. வேறு பழைய காரிலிருந்து கழற்றிய ஹாஃப் கட் ரேக் மலிவுதான், ஆனால் அது ஏற்கெனவே எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக, ஒரிஜினலா, வேறு பிராண்டா, ஹாஃப் கட்டா என்ற குறிப்போடு இருக்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், ஃபோனில் வீடியோவும் எடுத்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் இவைதான் சாட்சி. பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் தருவது பற்றி 2002-இல் தனி விதிமுறையே வந்திருக்கிறது.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. கூலியைப் பேசி முடிவு செய்யவில்லை என்றால் நியாயமான தொகைக்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டியதும் இல்லை. வேலை சரியில்லை என்றால் முதலில் அதே பட்டறைக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அல்லது இழுத்தடித்தால், வேறிடத்தில் செய்துகொண்டு அந்தச் செலவைக் கோரலாம். "வேலைக்குப் பிறகு நாங்கள் பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் சட்டம் தரும் இந்த உரிமை போகாது.

கோரிக்கை போக வேண்டிய இடம் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி, உச்ச வரம்பு 50,000 வெள்ளி, 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். மனு எழுதத் தயக்கமாக இருந்தால், ஜார்ஜ்டவுன் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், தமிழிலேயே பேசலாம்.

இந்த மன்றத்தால் தீர்க்க முடியாதவையும் உண்டு. விபத்தில் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் அது சிவில் நீதிமன்ற வழக்கு. வியாபாரத்துக்கு ஓடும் வண்டி பயனீட்டாளர் கணக்கில் வராது. கார் கடையில் அல்லாமல், தெரிந்தவரிடம் நேரடியாக வாங்கிய பழைய காருக்கும் இந்த வழி இல்லை. அப்படி வாங்குபவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தனக்கு நம்பிக்கையான ஃபோர்மேனிடம் காரைக் கொண்டுபோய் முன் சக்கரங்களைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட வேண்டும்.