ஊராட்சிக் கணினிக்கு ஏற்ற பதிப்பு எது?

ஏரி, வரத்துக் கால்வாய், பாதை, புல எண் ஆகியவற்றை வரைபடமாக்கிக் கணினியில் வைத்துக்கொள்ள உதவும் திறமூல மென்பொருள்களுள் கியூஜிஐஎஸ் என்பது ஒன்று. கேரி ஷெர்மன் என்பவர் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய இதனை இன்று பல நாட்டினர் கூடி வளர்த்து வருகின்றனர். இதற்கு விலை கிடையாது. ஆயினும் இதனைப் பெறச் செல்வோர்முன் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் நிற்கின்றன. எதனைக் கொள்வது என்ற ஐயம் உறுப்பினர் பலருக்கும் எழுகின்றது.

நெல் ரகத்தை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஆராய்ச்சிப் பண்ணையில் தோன்றும் புதிய நெல், பல இடங்களில் சோதித்த பின்னரே ரகமாக வெளியிடப்படுகின்றது. மென்பொருளும் அங்ஙனமே. நாள்தோறும் மாறிக்கொண்டிருப்பது உருவாக்க நிலைப் பதிப்பு. அதிலிருந்து வழக்கமாக நான்கு மாதத்திற்கொரு வெளியீடு வரும். அவற்றுள் ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்து, சுமார் ஓராண்டுக் காலம் பிழைகளை மட்டும் களைந்து வருவர். புதிய வசதி எதனையும் அதிற் சேர்ப்பதில்லை. இத்தகைய நெடுங்கால ஆதரவு வெளியீடு முதன்முதலில் 2015இல், 2.8ஆம் பதிப்பாக வந்தது. எண்ணைக் கொண்டே இனங்காணலாம்: 3.34 என்பதுபோல் புள்ளிக்குப் பின் இரட்டைப்படை வந்தால் வெளியீடு, 3.35 என ஒற்றைப்படை வந்தால் சோதனை நிலை.

நிலையானது என்றால் பிழையற்றது என்று பொருளன்று. அதிலுள்ள பிழைகளிற் பல முன்பே தெரிந்தவை. இன்று நடந்த வேலை நாளையும் அவ்வாறே நடக்கும். அவ்வளவே.

இதனை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஊரில் ஏரியின் வரத்துக் கால்வாயைச் சிலர் அடைத்துவிட்டனர் என்று பாசனதாரர்கள் முறையிட்டிருந்தனர். என் அலுவலக இளைஞர் ஒருவர், ஆர்வ மிகுதியால் உருவாக்க நிலைப் பதிப்பை நிறுவி, அதிலேயே கால்வாய்ப் படத்தை அழகுறத் தயாரித்தார். கிராம சபையன்று ஊராட்சிச் செயலரின் கணினியில் அதைத் திறந்தோம். அங்கிருந்ததோ பழைய பதிப்பு. புதிய பதிப்பில் ஆக்கிய கோப்பு என்ற எச்சரிக்கை தோன்றியது, கோடுகள் வந்தன, புல எண்களும் நிறங்களும் வரவில்லை. “எந்தப் புலத்தில் அடைப்பு?” என்று முதியவர் ஒருவர் கேட்டார். காட்ட இயலவில்லை. தரவுகள் தனிக் கோப்பில் இருந்தமையால் அழியவில்லை. ஆனால் முடிவு அடுத்த சபைக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் ஒரு மழைக்காலம் கழிந்தது. அவ்விளைஞரைக் குறைகூறுவதற்கில்லை, எந்தப் பதிப்பு என்று நான் முன்னரே சொல்லியிருக்கவேண்டும்.

ஆதலின் ஊராட்சிப் பதிவுகளுக்கு நெடுங்கால ஆதரவு வெளியீடே தக்கது. அதற்காக உருவாக்க நிலைப் பதிப்பை இகழவேண்டா. சோதிப்பார் இல்லையேல் நல்ல வெளியீடு எங்கிருந்து வரும்? விருப்பமுள்ளோர் வேறொரு கணினியில், படத்தின் நகலை மட்டும் வைத்து முயன்று, கண்ட பிழையை ஆக்குவோருக்குத் தெரிவிக்கலாம். விவசாயி தன் வயலின் ஒரு மூலையைச் சோதனைக்கு விடுவது போன்றதே இது. முழு வயலையும் எவரும் விடமாட்டார்.

மற்றொரு தவறும் உண்டு. நிலையானது என்று நம்பி, ஆதரவு முடிந்த பதிப்பையே பல்லாண்டு வைத்திருப்பது பெரும் அசட்டை. அதன் பிழைகளைத் திருத்துவார் எவருமிலர். அடுத்த நெடுங்கால வெளியீடு வந்ததும், முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் நகலெடுத்து, ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளும் ஒரே வாரத்தில் மாறிக்கொள்க. கிராம சபைக்கு முந்திய வாரத்தில் மட்டும் எதனையும் மாற்றவேண்டா.