காற்றில் உலர்ந்த மரத்தின் ஈரத்தை அறியும் முறை

தம் வரப்பிலும் கிணற்றடியிலும் வளர்ந்த தேக்கையோ, வேம்பையோ, பூவரசையோ வெட்டி அறுத்து, பலகைகளை நிழலில் அடுக்கி உலரவைத்து, பிற்பாடு கதவு, ஜன்னல், வண்டி முதலியவற்றுக்கு உபயோகிப்பது குடியானவர்களின் நெடுநாள் வழக்கமாகும். விலைக்கு வாங்கும் மரத்தைக் காட்டிலும் இதில் செலவு குறைவு. ஆயினும் ஐப்பசியில் மாட்டிய கதவு சித்திரையில் பலகைக்குப் பலகை சந்து விட்டு நிற்பதும், புதிதாகச் செய்த சக்கரத்தின் ஆரக்கால்கள் அடுத்த கோடையிலேயே ஆடத் தொடங்குவதும் அடிக்கடி காணக்கூடியவையே. பழி தச்சர்மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அவருடைய உளியில் இல்லை. மரத்தினுள் எஞ்சிநின்ற ஈரத்தில் இருக்கிறது.

ஈரமும் சுருக்கமும்

பச்சை மரத்தில் ஜலம் இருவிதமாகத் தங்கியிருக்கிறது. ஒரு பகுதி மரத்தின் நுண்ணிய கண்ணறைகளின் உட்குழிவிலும், மற்றொரு பகுதி அவ்வறைகளின் சுவரிலும் இருக்கும். முதலில் குழிவிலுள்ள ஜலம் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையுமேயன்றி அகலம் குறையாது. ஈரம் நூற்றுக்கு சுமார் 30 என்ற அளவுக்கு இறங்கியபின், சுவரிலுள்ள ஜலம் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் ஆரம்பிப்பது அப்போதுதான்.

அதிகம் சுருங்காத மரமென்று பெயர்பெற்ற தேக்குகூட, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை வளையத்தின் போக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கு சுருங்கும். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகையை 25 சதவீத ஈரத்தில் வேலைசெய்து, அது பின்னர் 13 சதவீதத்துக்கு இறங்கினால், அகலத்தில் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை குறைந்துவிடும். கதவில் விழும் சந்து இதுவே. வண்டிச் சக்கரத்தில் இதன் தீமை இன்னும் பெரிது. குடமும் வட்டையும் சுருங்க, ஆரக்கால் தளர்ந்து, இரும்புப் பட்டா கழன்று, நெல் ஏற்றிய வண்டி நடுவழியில் சாய நேரிடும்.

பழைய அடையாளங்கள்

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர்த்தினால் போதும் என்று சொல்வதுண்டு. மரத்தின் ஜாதி, அடுக்கிய விதம், காற்றோட்டம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து உலரும் காலம் பெரிதும் மாறுபடுவதால், இக்கணக்கை நம்பி வேலை தொடங்கலாகாது. பலகையைத் தட்டி ஓசை கேட்பதும், கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பதும் மேற்புறத்தின் நிலையை ஓரளவு காட்டும். ஆனால் கனமான மரம் வெளியே உலர்ந்து உள்ளே ஈரமாக இருப்பது சகஜம். அத்தகைய மரத்தை அறுத்து இழைத்த பிறகே அது வளையத் தொடங்கும்.

நிறுத்துப் பார்க்கும் முறை

நிச்சயமான வழி நிறுத்துப் பார்ப்பதேயாகும். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை எடுத்து, அதன் முனையிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் தள்ளி, முழு அகலமும் முழுக் கனமும் அடங்க இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு அறுக்க வேண்டும். முனைகள் மற்ற பாகத்தைவிட மிக விரைவில் உலர்வதால், அங்கே எடுத்த துண்டு பொய்க்கணக்குக் காட்டும். சிம்புகளை நீக்கிவிட்டு உடனே நிறுக்க வேண்டும். தராசு தொலைவில் இருந்தால் துண்டைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி எடுத்துச் செல்லலாம்.

பின்னர் அத்துண்டை 103 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள வெப்பப் பெட்டியில் வைத்து, ஒரு நாள் சென்றபின் சில மணிக்கொருமுறை நிறுத்து, எடை இனிக் குறையவில்லை என்று கண்டதும் அந்த எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, முதல் எடை 150 கிராம், உலர்ந்த எடை 120 கிராம் என்று கொள்வோம். வெளியேறிய ஜலம் 30 கிராம். அதை உலர்ந்த எடையாகிய 120-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, ஈரம் 25 சதவீதம் என்று ஏற்படும். முதல் எடையால் வகுப்பது தவறு. அப்படிச் செய்தால் 20 சதவீதம் என்று குறைவாகத் தோன்றி, ஈரமரம் உலர்ந்ததாக மதிக்கப்பட்டுவிடும்.

ஒருமுறை இப்படி அறிந்துகொண்டால், பிறகு மரத்தை வெட்டவே வேண்டியதில்லை. துண்டு எடுத்த அதே பலகையின் எஞ்சிய பாகத்தை அன்றே நிறுத்து, வெட்டுமுனைகளில் தாரோ வர்ணமோ பூசி, மறுபடி அடுக்கின் நடுவில் வைக்க வேண்டும். அதன் எடை 6.25 கிலோவாயிருந்தால், 25 சதவீதக் கணக்கில் அதில் உள்ள மரம் 5 கிலோ, மீதி 1.25 கிலோ ஜலம். ஆகவே 14 சதவீத ஈரம் வேண்டுமாயின், அப்பலகை 5.7 கிலோவுக்கு இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்து, தேதியும் எடையும் பலகையிலேயே எழுதிவைப்பது நலம்.

வெப்பப் பெட்டிக்கு வசதியில்லாதவர்கள், வாராந்தர எடையை மட்டுமாவது குறித்துவர வேண்டும். வறண்ட பருவத்தில் தொடர்ந்து மூன்று வாரம் எடை குறையாமல் நின்றால், மரம் காற்றுக்கு ஒத்த நிலையை அடைந்துவிட்டது எனலாம். மழைக்காலத்தில் எடை நிற்பதை அவ்வாறு கொள்ளலாகாது. காற்றே ஈரமாயிருப்பதால் மரம் அதற்குமேல் உலர இயலாமல் நிற்கிறது, அவ்வளவே.

மின்சாரக் கருவி

இரண்டு ஊசிகளை மரத்தில் பதித்து ஈரத்தைக் காட்டும் கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. சுமார் 7 முதல் 25 சதவீதம் வரை இவற்றின் கணக்கை நம்பலாம். மரத்தின் ஜாதிக்கும் உஷ்ணத்துக்கும் ஏற்பத் திருத்தம் செய்துகொள்ள வேண்டும். ஊசி மேற்புறத்தில் மட்டும் பதிந்தால் உள்ளீரம் தெரியாது. ஆகையால் ஒரு பலகையைக் குறுக்கே வெட்டி, புதிய வெட்டுமுகத்தின் நடுவிலும் ஓரத்திலும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமிருந்தால் மரம் இன்னும் தயாராகவில்லை.

எவ்வளவு ஈரம் தகும்

கதவு, ஜன்னல்களுக்கு உள்நாட்டு ஜில்லாக்களில் 12 முதல் 14 சதவீதமும், கடலோர ஊர்களில் 14 முதல் 16 சதவீதமும் பொருத்தமாகும். இதற்கு மிகக் கீழே உலர்த்துவதும் நல்லதன்று. அம்மரம் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து உப்பி, கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரமுள்ள மரத்தில் உளுக்கச் செய்யும் பூசணமும் பற்றக்கூடும்.

பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்கும் பொதுக் கட்டடக் கதவுகளுக்கும் பொறுப்பான கிராம அதிகாரிகள், வேலை முடிந்து வர்ணம் பூசியபின் பார்வையிடுவதில் பயனில்லை. மரம் இழைக்கப்படுமுன்பே ஈரத்தைப் பரிசோதித்து எழுதிவைக்க வேண்டும். ஒரு துண்டு மரமும் ஒரு தராசும் ஒரு நாள் அவகாசமுமே இதற்கான செலவு. உலராத மரத்தில் செய்த வேலைக்கோ, மரத்தின் விலையும் கூலியும் இரண்டாம் முறை கொடுக்க நேரிடும்.