கண்டவைக்கும் முடிவுக்கும் நடுவே

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக நம் மாணவர்கள் தயாரிக்கும் ஆய்வறிக்கைகளில் ‘முடிவுகள்’ என்றொரு தலைப்பு இருக்கும். ஒரு பக்கம் தள்ளி ‘முடிவுரை’ என்று இன்னொன்று. முதலாவதில் அட்டவணை இருக்கும். இரண்டாவதில் “இவ்வாய்வின் மூலம் அறியப்படுவது” என்று தொடங்கும் ஒரு வரி. அட்டவணையிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது எங்கும் இருக்காது. ஆசிரியர்களாகிய நாம் எழுதும் செயலாய்வு அறிக்கைகள் பலவும் இப்படித்தான்.

அளந்து கிடைத்ததும் ‘முடிவு’, யோசித்து அடைந்ததும் ‘முடிவு’ என்று ஒரே சொல்லைப் பயன்படுத்துவதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் முதலாவதைக் ‘கண்டவை’ என்று எழுதச் சொல்கிறேன். கண்டவைக்கும் முடிவுக்கும் நடுவே வரவேண்டியதுதான் விவாதப் பகுதி. பட்டிமன்ற விவாதத்தில் நமக்குத் தந்த அணிக்காக மட்டும் பேசுவோம். ஆய்வில் எதிரணிக்கும் நாமே பேசவேண்டும்.

அப்படிப் பேசுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் கடலூர் மாவட்டக் கடற்கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையப் பேராசிரியர் கதிரேசனும் இராஜேந்திரனும் இப்பகுதியின் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்தனர். ஒவ்வோர் ஊரிலும் ஏற்பட்ட உயிரிழப்பு, பொருளிழப்பு, கடலிலிருந்து ஊரின் தூரம், தரையின் உயரம், முன்னாலுள்ள தாவரப் பரப்பு ஆகியவற்றை ஒப்பிட்டனர். அலையாத்திக் காடுகள் இழப்பைத் தணித்தன என்று 2005இல் கட்டுரை வெளியிட்டனர்.

2006இல் அதே ஆய்விதழில் கெர், பெயர்டு, கேம்ப்பெல் ஆகிய மூவர் ஒரு மறுப்பு எழுதினர். அவர்கள் புதிதாக எதையும் அளக்கவில்லை. அதே 18 ஊர்களின் எண்களை எடுத்து வேறு விதமாக ஆராய்ந்தார்கள். ஒரே தூரத்திலும் ஒரே உயரத்திலும் உள்ள ஊர்களாக எடுத்துக்கொண்டால், தாவரப் பரப்பின் வேறுபாடு உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றனர். அதே ஆண்டில் வெர்மாட், தம்பன்யா என்ற இருவர் மூன்றாவது முறையாக அந்த எண்களை ஆராய்ந்து, காட்டுக்கும் பங்கு உண்டு என்று எழுதினர்.

அட்டவணை ஒன்றுதான். அதிலிருந்து எதைச் சொல்லலாம் என்பதில்தான் வழக்கு.

சிதம்பரம் பக்கத்து ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிச்சாவரம் காடு வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில் இருக்கிறது. காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலிலிருந்து தள்ளியும் இருக்கும். பெரும் இழப்பைச் சந்தித்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்றவை காட்டுக்கு முன்னால் மணல்திட்டில் இருந்தன. கடலும் அருகில், தரையும் தாழ்வு. ஊரைக் காத்தது காடா, தூரமா, மேடா? மூன்றும் சேர்ந்தே வரும்போது 18 ஊர்களை வைத்துப் பிரித்தறிவது கடினம். ‘அலையாத்தி’ என்ற பெயருக்கு அலையை ஆற்றுவது என்று பொருள் சொல்வார்கள். ஆய்வு தொடங்கும் முன்பே பெயர் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது!

காடு காக்கும் என்று மட்டும் நம்பினால், தாழ்வான கரையிலேயே மறுபடி வீடு கட்டிவிடலாம். காட்டால் பயனில்லை என்று அவசரப்பட்டால் அதை அழிக்க விரும்புவோருக்கு அது வசதி. நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டில், அடர்ந்த காட்டுக்குப் பின்னால் குடியிருப்பு அமையட்டும் என்பதே முதல் கட்டுரையின் பரிந்துரை. மூன்று காரணங்களும் அதில் இருக்கின்றன.

கடலூர் கடற்கரையைப் பற்றி 2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொரு கட்டுரையில், 100 சதுர மீட்டருக்கு 30 மரங்கள் கொண்ட 100 மீட்டர் அகலப் பட்டை, பேரலை நீரோட்டத்தின் உச்ச அழுத்தத்தை 90 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம் என்று ஒரு வரி வரும். அது கணக்கீட்டு மாதிரிகளிலிருந்து எடுத்தாளப்பட்டது. கடலூரில் அளந்தது அல்ல. விவாதப் பகுதியில் பிறர் ஆய்வுகளைக் கொண்டுவருவது தேவையே. நம் அளவீடு எது, பிறருடையது எது என்று படிப்பவருக்குத் தெரியும்படி எழுதவேண்டும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். “காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைந்தது” என்றால் கண்டதைச் சொல்கிறோம். “காடு இழப்பைக் குறைத்தது” என்றால் காரணத்தையே சொல்லிவிடுகிறோம். ‘ந்’ போய் ‘த்’ வந்ததும் பொறுப்பு கூடிவிடுகிறது. தன்வினை, பிறவினை பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. “குறைத்திருக்கலாம்” என்று எழுதினால் ஆய்வின் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது.

நம் வகுப்பறைக்கு வருவோம். மூன்றாம் வகுப்பில் மின்னட்டைகள் வைத்து ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வாசிப்புப் பயிற்சி தந்தோம். வேகம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். விவாதப் பகுதியில் அந்த எண்களை மறுபடி எழுதத் தேவையில்லை. இப்படி எழுதலாம்: “மின்னட்டைப் பயிற்சிக் காலத்தில் வாசிப்பு வேகம் கூடியது. அதே காலத்தில் எண்ணும் எழுத்தும் செயல்பாடுகளும் நடந்தன. குழந்தைகளுக்கு மூன்று மாத வயதும் கூடியது. அட்டை பயன்படுத்தாத பிரிவோடு ஒப்பிடாததால் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க இயலவில்லை. ஆயினும், அட்டையில் இருந்த சொற்களை அட்டையில் இல்லாத சொற்களைவிட விரைவாக வாசித்தார்கள். ஆகவே அட்டைகளுக்கும் பங்கு இருந்திருக்கலாம். அடுத்த பருவத்தில் இரண்டு பிரிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கிறோம்.”